ஓடவிடுவதா, நிறுத்துவதா, மேற்பார்வையில் தொடரச் செய்வதா? உணவுக்கோளாறு உள்ள மகளின் உடற்பயிற்சி குறித்துப் பெற்றோர் எடுக்கவேண்டிய முடிவு

பதினாறு வயது மகளுக்கு, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் அனோரெக்சியா என்ற உணவுக்கோளாறு இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார். சாப்பாட்டு அட்டவணையும் கைக்கு வந்துவிட்டது. அன்று மாலையும் அவள் வழக்கம்போல ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறாள். அவளை அனுப்புவதா, தடுப்பதா என்று பெற்றோர் அந்த நிமிடமே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி மருத்துவரிடம் ஒரு மணி நேரம் பேசியவர்கள்கூட ஓட்டத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார்கள், ஏனெனில் ஓடுவது ஒரு நோயின் பகுதியாக இருக்கக்கூடும் என்று நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

பெற்றோர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு உணவை மட்டும் கூட்டுவது ஒன்று. உடற்பயிற்சி முழுவதையும் நிறுத்திவிடுவது மற்றொன்று. வீட்டுக்குள்ளேயே பேசி, "இவ்வளவு சாப்பிட்டால் இவ்வளவு ஓடலாம்" என்று ஓர் உடன்பாட்டுக்கு வருவது மூன்றாவது. மருத்துவக் குழுவின் மேற்பார்வையில் படிப்படியாக அனுமதிப்பது நான்காவது. முதலாவதையும் மூன்றாவதையும் ஏறக்குறைய எல்லா வீடுகளும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டாவதும் நான்காவதும் ஒன்றையொன்று எதிர்ப்பவை போலத் தோன்றினாலும், அவை ஒரே சிகிச்சையின் முன்பகுதியும் பின்பகுதியுமாகும். எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதை மகளின் ஆசையோ பெற்றோரின் பயமோ தீர்மானிக்கக் கூடாது, உடல் காட்டும் அளவுகள் தீர்மானிக்க வேண்டும்.

முதலில், எதைக் கட்டாய உடற்பயிற்சி என்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மணிக்கணக்கை வைத்து அதை அளக்க முடியாது. தேசிய அணியில் நீச்சலடிக்கும் பெண் வாரத்துக்கு இருபது மணி நேரம் பயிற்சி செய்யலாம். அவளுக்கு அது நோயாக இல்லாமலும் இருக்கலாம். தடைப்படும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மழை பெய்தால் அவள் படிக்கட்டில் ஏறி இறங்குகிறாளா, காய்ச்சலிலும் கால்வலியிலும் நிறுத்த முடியாமல் தவிக்கிறாளா, உறவினர் வீட்டு விருந்தைவிட நடைக்கணக்கு முக்கியமாகிவிட்டதா, ஒரு நாள் தவறினால் அன்று சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறாளா, உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கவே குற்றவுணர்வு கொள்கிறாளா? இவற்றில் பலவற்றுக்கு 'ஆம்' என்ற பதில் வந்தால், அவள் செய்வது பொழுதுபோக்கோ ஒழுக்கமோ அல்ல, விடமுடியாத நிர்ப்பந்தம். இதை அளப்பதற்கென்றே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பங்கேற்று உருவாக்கிய 24 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 2011 முதல் புழக்கத்தில் உள்ளது. மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.

பட்டினி கிடக்கும் உடல் ஓய்வைத்தானே நாட வேண்டும், அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி புதியதன்று. அனோரெக்சியாவுக்கு அந்தப் பெயரைச் சூட்டிய லண்டன் மருத்துவர் வில்லியம் கல், 1874இல் வெளியான கட்டுரையிலேயே, எலும்பும் தோலுமாகிவிட்ட தம் இளம் நோயாளிகள் ஓயாமல் நடமாடிக்கொண்டிருந்ததை வியப்போடு பதிவு செய்திருக்கிறார். ஆய்வுக்கூட எலிகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் உணவு கொடுத்து, ஓடுவதற்கு ஒரு சக்கரத்தையும் கூண்டில் வைத்தால், அவை குறைவாகத் தின்று மேலும் மேலும் ஓடுகின்றன. தடுக்காவிட்டால் செத்தே போகின்றன. சக்கரம் இல்லாத எலிகள் அதே உணவு நேரத்துக்குப் பழகிப் பிழைத்துக்கொள்கின்றன. மனிதர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், பட்டினியே ஓட்டத்தைத் தூண்டக்கூடும் என்பதை இந்தச் சோதனை காட்டுகிறது. மகள் பிடிவாதக்காரி என்ற முடிவுக்கு வருமுன் பெற்றோர் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது முதல் வழியைப் பார்ப்போம். சிங்கப்பூரில் அது மிகவும் கவர்ச்சியானது, ஏனெனில் இங்கே ஊரே அதன் பக்கம் நிற்கிறது. பள்ளியில் நாப்ஃபா எனும் உடலுறுதித் தேர்வு, 2.4 கிலோமீட்டர் ஓட்டம்; இணைப்பாட நடவடிக்கையில் திடல்தடப் பயிற்சி; 2015இல் தொடங்கிய காலடி எண்ணும் தேசியச் சவாலில் நடந்தால் புள்ளிகள், புள்ளிகளுக்குப் பற்றுச்சீட்டுகள். பொதுமக்களில் பெரும்பாலானோருக்கு இவை நன்மையே செய்கின்றன. இவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் நீரிழிவையும் உடல்பருமனையும் மனத்தில் வைத்து வகுத்த ஓர் அறிவுரை, உணவுக்கோளாறு உள்ள பெண்ணின் காதில் வேறு விதமாக விழுகிறது. 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் நடந்த 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தில் எடை கூடிய பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓடவிட்ட நினைவு, இன்று தாயாக இருக்கும் பலருக்கு இன்னமும் உண்டு. அந்தத் தாய்மார்களில் சிலர் மகள் தானாக எழுந்து ஓடுவதைக் கண்டு உள்ளூர மகிழ்ந்திருப்பார்கள். தீபாவளிக்கு வந்த அத்தை "நல்லா இளைச்சு அழகா ஆயிட்டே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். "ஓடியாடிக்கிட்டுத்தானே இருக்கா, இவளைப் போய் நோயாளிங்கறீங்களே" என்று பாட்டி கேட்பதிலும் ஒரு நியாயம் இருப்பதுபோலவே தோன்றும்.

ஆனால் இந்த வழியில் கணக்கு உதைக்கிறது. உண்ணும் ஆற்றலிலிருந்து பயிற்சிக்குச் செலவாகும் ஆற்றலைக் கழித்தால் மிஞ்சுவதைக் கொண்டுதான் இதயம், மூளை, எலும்பு, கருப்பை எல்லாம் இயங்க வேண்டும். மிச்சம் போதாமல் போகும்போது உடல் ஒவ்வொரு வேலையாகக் குறைத்துக்கொள்கிறது: மாதவிடாய் நிற்கிறது, உடல் சில்லிடுகிறது, நாடி மெதுவாகிறது. விளையாட்டு வீரர்களிடம் காணப்படும் இந்த நிலைக்கு அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014இல் ஒரு பொதுப்பெயரே கொடுத்து எச்சரித்தது. உணவைக் கூட்டினால் போதாதா என்றால், நோயில் இருக்கும் பெண் கூட்டிய உணவுக்கு ஈடாக ஓட்டத்தையும் கூட்டிவிடுகிறாள். தட்டில் சேர்ந்தது எடையாகச் சேர்வதில்லை. ஓட்டம் எலும்பை வலுவாக்கும் என்ற வாதமும் இங்கே எடுபடாது. எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்துபோன உடலில் தொடர்ந்து ஓடினால், திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் நுண்ணிய விரிசல்கள் (அழுத்த முறிவுகள்) வருகின்றன; எலும்பின் வலுவில் பெரும்பகுதி பதின்ம வயதிலேயே சேர்ந்துவிடுவதால், அப்போது இழப்பதைப் பிறகு முழுமையாக மீட்பது கடினம்.

நாடித்துடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இடத்தில்தான் பெற்றோரும், சில வேளைகளில் பொது மருத்துவர்களும் ஏமாந்துபோகிறார்கள். மகளின் கைக்கடிகாரம் 46 என்று காட்டுகிறது; அவள் பெருமையோடு, "ஓட்டக்காரர்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்கிறாள். நன்றாக உண்டு பயிற்சி செய்பவரின் இதயம் மெதுவாகத் துடிப்பது வலிமையின் அடையாளம்தான். எடை வேகமாக இறங்கிய பெண்ணிடம் அதே எண் பட்டினியின் விளைவாக இருக்கலாம். அமெரிக்காவின் இளம்பருவ மருத்துவ அமைப்பு வகுத்த வரையறைப்படி, பகலில் 50க்குக் கீழும் இரவில் 45க்குக் கீழும் நாடித்துடிப்பு இறங்கினால் மருத்துவமனையில் சேர்ப்பது குறித்துச் சிந்திக்க வேண்டும். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த எண் சற்று மாறலாம். ஆனால் அவள் ஓட்டக்காரி என்பது விலக்குக்கான காரணமாகாது. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதையும் பெரிதாக நம்பிவிடக் கூடாது. கடுமையான நிலையிலும் அது சரியாகவே இருக்கக்கூடும். பார்ப்பதற்கு மெலிந்தவளாகவும் இருக்க வேண்டியதில்லை. முன்பு பருமனாக இருந்து விரைவாக எடையிழந்த பெண்ணுக்கு, எடை இன்னமும் 'சராசரி'யாக இருக்கும்போதே இதயம் தளர்ந்துவிடலாம்.

ஆகவே இரண்டாவது வழி, அதாவது முழுத்தடை, சில வேளைகளில் விவாதத்துக்கே இடமில்லாதது. நாடி மிகத் தாழ்ந்திருந்தாலும், எழுந்து நின்றால் தலை சுற்றினாலும், மயக்கம் வந்திருந்தாலும், ஈசிஜியில் மாற்றம் தெரிந்தாலும், வாந்தியால் பொட்டாசியம் குறைந்திருந்தாலும், எடை இன்னமும் இறங்கிக்கொண்டிருந்தாலும், அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். உடற்கல்வி வகுப்புக்கும் விலக்குக் கடிதம் வாங்கிப் பள்ளியில் கொடுக்க வேண்டும். மயங்கி விழுந்திருந்தாலோ நெஞ்சில் வலியிருந்தாலோ முன்பதிவுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முழுத்தடையின் விலை சிறியதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல பெண்களுக்கு ஓட்டம் எடையைக் குறைப்பதற்கு மட்டுமானதாக இருப்பதில்லை; பதற்றத்தைத் தணிக்கும் ஒரே வழியாகவும் அது இருக்கிறது. அதைப் பிடுங்கினால் முதல் சில வாரங்களில் அழுகையும் கோபமும் உறக்கமின்மையும் கூடும். பூட்டிய அறைக்குள் பயிற்சி தொடரலாம். உட்காராமல் நின்றுகொண்டே படிக்கலாம். காவல்காரர் வேலை பார்க்க வேண்டிய தாய்க்கும் மகளுக்கும் இடையில் பேச்சே நின்றுபோகலாம். தடை வேலைசெய்யும் வீடுகளில் பொதுவாக இரண்டு விஷயங்களைக் காண்கிறோம். ஒன்று, தடையை விதித்தவர் மருத்துவர் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. தந்தை தடுத்ததைப் பாட்டி அனுமதிப்பதில்லை. மற்றொன்று, ஓடிய நேரம் வெறுமையாக விடப்படுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிந்தைய அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது அவளோடு உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள், நாடகம் பார்க்கிறார்கள், பின்னுகிறார்கள். தடை எப்போது மறுபரிசீலனைக்கு வரும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முடிவு தெரியாத தடையை எந்தப் பதினாறு வயதுப் பெண்ணும் தாங்கமாட்டாள்.

தடையின் இந்தக் கசப்பைத் தவிர்க்கத்தான் பெற்றோர் மூன்றாவது வழிக்கு வருகிறார்கள். சாப்பாட்டு மேசையில் அது இப்படித் தொடங்கும்: "இந்தத் தோசையை முழுசாச் சாப்பிட்டா அரை மணி நேரம் கீழே போய்ட்டு வரேன், சரியாம்மா?" மூன்று நாளாகப் பாதித் தோசையைக்கூடத் தொடாத மகள் கேட்கும்போது எந்தத் தாய்க்கும் 'சரி' என்றுதான் வாயில் வரும். தோசை போகிறது; மகள் கீழே போகிறாள்; வீடு அமைதியாகிறது. மறுநாள் அரை மணி நேரம் நாற்பது நிமிடமாகிறது. அதற்கடுத்த வாரம், மழையால் ஓட முடியாத அன்று, சாப்பாடும் நடப்பதில்லை. உணவை உழைத்துச் சம்பாதிக்க வேண்டும், உண்டதை உடலிலிருந்து கழித்தாக வேண்டும் என்பதுதான் இந்த நோய் அவளிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் விதி. இந்த உடன்பாட்டில் அம்மாவும் அதே விதியை ஏற்றுக் கையெழுத்திட்டுவிடுகிறார். நான்கு வழிகளிலும் இதுவே மிக மோசமானது என்று நான் கருதுவதற்குக் காரணம் அதுதான். எந்த ஏமாற்றும் இல்லாமல், அன்பினால் மட்டுமே தொடங்கும் ஏற்பாடு என்பதால் இதிலிருந்து வெளியேறுவதும் கடினம். ஏற்கெனவே இதில் சிக்கியிருப்பவர்கள் பேரத்தை நீட்டிக்கவோ குறைக்கவோ முயல வேண்டாம். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொல்லி, அவர் வாயாலேயே அதை முடித்துவைப்பது எளிது. புரட்டாசி விரதமோ தைப்பூச விரதமோ இதே வீட்டில் வருமானால், அந்த ஆண்டு அவளுக்கு விலக்கு என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

நான்காவது வழியைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. எடை ஏறத் தொடங்கிய பிறகும் பயிற்சி என்றாலே ஆபத்து என்று முன்பு கருதிவந்தனர். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மேற்பார்வையோடு செய்யப்படும் பயிற்சியால் அனோரெக்சியா நோயாளிகளின் எடை கூடுவது தடைபடவில்லை என்று காட்டியது. 2010இல் அமெரிக்காவில் பதின்ம வயதினரிடம் நடந்த ஒரு சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு தனிப்பட்ட யோகாசன வகுப்புகளையும் சேர்த்தபோது, உணவைப் பற்றிய ஓயாத சிந்தனை வகுப்புக்குப் பிறகு தணிந்தது, எடையும் குறையவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வழிகாட்டி, பயிற்சியை நான்கு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் என்னென்ன உடல் அளவுகள் தேவை, மனநிலை எப்படியிருக்க வேண்டும் என்று வகுத்துள்ளது. முதல் படியில் உடலை நீட்டி மடக்கும் மென்மையான அசைவுகளே உண்டு. அளவுகள் சரிந்தால் ஒரு படி இறங்கியாக வேண்டும்.

இந்த வழியையும் மிகையாகப் புகழ வேண்டியதில்லை. கட்டாய உடற்பயிற்சியைக் குறிவைத்து வடிவமைத்த ஒரு சிறப்புச் சிகிச்சையை அனோரெக்சியாவுக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சையோடு (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை) சேர்த்துச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். அதைச் சேர்த்துப் பெற்ற குழு, அறிதல்-நடத்தைச் சிகிச்சையை மட்டும் பெற்ற குழு ஆகிய இரண்டிலும் நிர்ப்பந்தம் குறைந்தது; சிறப்புச் சிகிச்சை பெற்ற குழு தனியாக முந்திவிடவில்லை. நோயின் மையத்தைக் கையாளும் நல்ல சிகிச்சை நடந்தால் ஓட்டமும் தளர்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே 'உடற்பயிற்சிக்கென்று தனி நிபுணர் யார்' என்று அலைவதைவிட, உணவுக்கோளாறை அறிந்த ஒரு குழுவிடம் ஓட்டத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவதே மேல். மேற்பார்வை என்பது ஜிம் பயிற்றுநரின் மேற்பார்வை அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நல்லெண்ணத்தோடு கொழுப்பு விழுக்காட்டை அளந்து சொல்லும் பயிற்றுநர் ஒருவர் ஆறு மாதச் சிகிச்சையைப் பத்து நிமிடத்தில் கலைத்துவிட முடியும்.

நம் வீடுகளில் வரும் தனிக் கேள்வி பரதநாட்டியம். ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள், நாட்டியம் கலைதானே, அரங்கேற்றம் வேறு நெருங்குகிறது என்பார்கள். அரைமண்டியில் நின்று அடவு பழகும் இரண்டு மணி நேரம் இதயத்துக்கு ஓட்டத்தைவிடக் குறைந்த வேலையன்று. கண்ணாடி முன் நிற்பதும் உண்டு. நாடி தாழ்ந்திருக்கும் காலத்தில் அதுவும் தடைக்குள் வர வேண்டும். திரும்பும் காலம் வந்ததும் நிலைமை மாறுகிறது. தனியாக, எண்களைத் துரத்திச் செய்யும் ஓட்டத்தைவிட, ஆசிரியரும் தோழிகளும் சூழச் செய்யும் நாட்டியம் பலருக்கு நல்ல முதல் படியாக அமையக்கூடும். முகபாவமும் கைமுத்திரையுமான அபிநயம் மட்டும் பழக அனுமதித்து, தாளத்துக்கு ஆடும் நிருத்தத்தைப் பிறகு சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

எங்கே போவது என்பதை மகளின் வயதும் பணமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பதின்ம வயதினருக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் இளம்பருவ மருத்துவப் பிரிவு உள்ளது. சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் உணவுக்கோளாறுகளுக்கென்றே ஒரு திட்டம் இயங்குகிறது. நேரடியாகப் போய்த் தனியார் கட்டணம் செலுத்துவதைவிட, பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டால் மானியக் கட்டணம் கிடைக்கும். ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்த இடைவெளியில் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ வாரந்தோறும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும், பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லத் தயங்கும் பெண்கள், 16 முதல் 30 வயது வரையினருக்கு மனநலக் கழகத்தின் 'சாட்' சேவை இலவசமாக நடத்தும் முதற்கட்ட மதிப்பீட்டிலிருந்து தொடங்கலாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால், குடும்பம் சார்ந்த சிகிச்சைக்கே முன்னுரிமை தருவேன். அதில் உணவையும் ஓட்டத்தையும் பற்றிய முடிவுகள் முதல் கட்டத்தில் பெற்றோரிடம் இருக்கும். உடல் தேறத் தேற மகளிடம் திரும்பும். அமெரிக்காவில் 121 இளையரிடம் நடந்து 2010இல் வெளியான சோதனையில், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் முழுமையாக மீண்டவர்கள் குடும்பச் சிகிச்சைக் குழுவில் 49 விழுக்காடு, தனிநபர் சிகிச்சைக் குழுவில் 23 விழுக்காடு. நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு சாதகமும் ஒரு சிக்கலும் உண்டு. சேர்ந்து உண்ணும் பழக்கமும் பெரியவர்களின் இருப்பும் சாதகம். "என்ன இது, சாப்பிட வைக்கத் தெரியாதா?" என்று தாயைக் குற்றம் சாட்டும் உறவினர்கள் சிக்கல், முதல் சந்திப்புகளில் ஒன்றுக்கு அவர்களையும் அழைத்துப்போவது உதவக்கூடும்.

இருபத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, அதே வீவக வீட்டில் வசிக்கும் மகளின் நிலை வேறு. அவளைப் பூட்டிவைக்க முடியாது; ஜிம் உறுப்பினர் அட்டை அவள் பெயரில் இருக்கிறது. இங்கே முடிவு அவளுடையது. பெற்றோரின் பங்கு அந்த முடிவைச் சுற்றியிருப்பவற்றை மாற்றுவதில் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் காலடி எண்ணும் சவாலில் இருந்தால் சில மாதங்களுக்கு அதிலிருந்து விலகலாம், எடைக்கருவியை வெளியேற்றலாம், அப்பா தம் ஓட்ட நேரத்தை உணவு மேசையில் அறிவிக்காமல் இருக்கலாம். உறுப்பினர் கட்டணத்தை இடைநிறுத்துவது, கடிகாரத்தில் ஆற்றல் கணக்கை மறைத்துவைப்பது போன்றவற்றை அவளே ஒப்புக்கொள்ளும்படி சிகிச்சையாளர் பேசுவார். பெற்றோர் பேசினால் அது கட்டளையாகிவிடும். எந்த அளவுகள் வந்தால் பயிற்சியைத் தொடங்கலாம், எவை சரிந்தால் நிறுத்த வேண்டும் என்பதை எழுத்தில் வைத்து, அவளும் மருத்துவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. மாதவிடாய் திரும்புவதும் அந்த அளவுகளில் ஒன்று. ஆனால் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு மாதந்தோறும் வரும் ரத்தப்போக்கு மாத்திரையால் வருவது என்பதால், உடல் தேறியதற்கான சான்றாக அதை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. மாத்திரை எடுக்கிறாளா என்பதை மருத்துவர் அவளிடம் தனியாகக் கேட்கட்டும். அந்த நேரத்தில் அம்மா வெளியே காத்திருப்பதே நல்லது.